பின்னறைக் குளிர்ச்சி

கீழ் வீட்டு அக்கா துணி உதறும் சத்தத்தில்தான் எனக்குப் பொழுது விடியும். என் அறை மொட்டை மாடியில். கதவைத் திறந்தால் எதிரே கொடி. அக்கா வாளியை வைத்துவிட்டு முதலில் அழுக்குத் துணியை உதறுவாள். அப்புறம்தான் துவைப்பு. பட், பட்டென்று கைப்பிடிச் சுவரில் அடித்து உதறுவாள். காலை வெயிலில் அந்தத் தூசி மினுங்கிக்கொண்டு நிற்கும். சீக்கிரம் கீழே இறங்காது.

"உதறாம ஊற வெச்சா தண்ணி கூழாப் போயிடும் தம்பி. அப்புறம் உங்க அண்ணன் சட்டைய சுரண்டித்தான் எடுக்கணும்" என்பாள்.

என் மனைவி இருந்தபோது அந்த நேரத்துக்குக் கதவைச் சாத்துவாள். அவள் போன பிறகு நான் சாத்துவதில்லை. குறிப்பாக ஒரு காரணமும் இல்லை.

அக்காவின் கணவரைத் தெருவில் எல்லோரும் பஞ்சு அண்ணன் என்று கூப்பிடுவார்கள். ஆலைகளில் கொதிகலனுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் சூடு வெளியேறாமல் பொதி போர்த்துவது அவர் வேலை. பழைய பொதியைப் பிய்த்தெடுத்துவிட்டுப் புதியதைச் சுற்ற வேண்டும். பழையது கல்நார். கல்லிலிருந்து எடுக்கிற நார், தீயில் எரியாது. புதியது வேறு ஏதோ வெள்ளைப் பஞ்சு. அவருக்கு இரண்டுமே பஞ்சுதான்.

வேலை சுத்தமானவர். குழாய் வளைவில் அவர் பொதி சுற்றினால் தையல் போட்ட மாதிரி இருக்கும் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். எதையும் வீணாக்க மாட்டார். ஆலையில் தூக்கிப் போடுகிற பழைய பொதியில் நல்லதாகப் பார்த்து மிதிவண்டியில் கட்டிக்கொண்டு வருவார். அடுப்பு மேடையில் பாத்திரம் இறக்கி வைக்கிற மெத்தை அது. கதவிடுக்கில் காற்று வராமல் திணித்த கயிறு அது. வெந்நீர்க் குடுவைக்கு அக்கா தைத்துப் போட்ட உறையும் அதுதான். எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்னறை. தகரக் கூரை. அதன் அடியில் சட்டம் அடித்து, முழுக்கக் கல்நார்ப் பொதியைப் பரப்பி, வலைக்கம்பியால் தைத்து நிறுத்தியிருந்தார். தெருவே அவிந்துகொண்டிருக்கும் மத்தியானத்திலும் அந்த அறைக்குள் நுழைந்தால் பானைக்குள் இறங்கின மாதிரி இருக்கும். தரையில் மட்டும் எப்போதும் மெல்லிசாக ஒரு வெள்ளைப் பூச்சு. அக்கா காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் பெருக்குவாள்.

பக்கத்துத் தையல்காரர் சாப்பிட்டதும் அங்கே வந்து படுத்துவிடுவார்.

"அண்ணே, எனக்கும் கொஞ்சம் பாத்துக் குடுங்களேன். என் கடைக்குள்ள மிஷினுக்கே வேர்க்குது."

"சரக்கு வரட்டும்யா. வந்தா உனக்குத்தான்."

"இதையேதான் என் தலைமுடி கறுப்பா இருந்தப்பவும் சொன்னீங்க."

ஆலையில் பழைய பொதியைப் பிய்க்கும்போது காகித உடுப்பு கொடுப்பார்கள். தலையோடு சேர்த்து மூடுகிற மாதிரி. ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிய வேண்டியது. பஞ்சு அண்ணனின் உடுப்பு மட்டும் வீட்டுக்கு வரும். அக்கா அதை உதறி, சோப்புப் போட்டு, கிழியாமல் பிழிந்து, நிழலில் காயப்போடுவாள். மறுபடி போட்டுக்கொண்டு போவார். "மேற்பார்வையாளரே கேட்டாரு, உனக்கு மட்டும் எப்படிய்யா பளிச்சுன்னு இருக்குன்னு" என்று அவர் சொல்கிற நாளில் அக்காவுக்குப் பெருமை பிடிபடாது.

அவளுக்கு இருமல் வந்தது மழைக்காலத்தில். மழை போயிற்று, இருமல் போகவில்லை. சளி இல்லாத வறட்டு இருமல். மருந்துக்கடைக்காரர் ஒரு பாகு கொடுத்தார். தையல்காரர் மின்விசிறியைக் குறை சொன்னார். பஞ்சு அண்ணன் எதையும் குறை சொல்லவில்லை.

"அவ தொண்டை அப்படித்தான். ஏதாவது ஒரு கச்சேரி நடந்துகிட்டே இருக்கும்."

"கச்சேரிக்கு வந்தவரு ஒரு நாளாவது காது குடுத்துக் கேட்டீங்களா?" என்றாள் அக்கா உள்ளே இருந்து.

ஒரு காலையில் உதறல் சத்தம் கேட்கவில்லை. கதவைத் திறந்து பார்த்தேன். அக்கா மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வாளி. பேசுவதற்கு வாயைத் திறந்தாள். கையை மட்டும் ஆட்டினாள். தோள் இரண்டும் காது வரை ஏறி இறங்கின. அந்த மூச்சு எனக்குத் தெரியும். வேறொரு நோயில், வேறொருத்தியிடம் பார்த்தது. வாளியை வாங்கி மேலே வைத்தேன்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்ணே" என்றேன், பஞ்சு அண்ணனிடம்.

"நீங்களே கூட்டிட்டுப் போங்களேன் தம்பி. ஆஸ்பத்திரின்னா உங்களுக்கு அத்துப்படி."

அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தலையைச் சொறிந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். சுடும் என்று நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். சுடவில்லை. உண்மையாகவே எனக்கு அத்துப்படிதான். எந்தச் சன்னலில் சீட்டு எழுதுவார்கள், எந்த மின்தூக்கி நடுமாடியில் நிற்காது, படம் எடுக்கிற இடத்தில் எந்த நாற்காலிக்குக் கால் ஆடும், எல்லாம்.

மருத்துவர் ஒரு பெண். களைப்பானவர். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"என்ன வேலை பாக்குறீங்கம்மா?"

"வேலையா? நான் சும்மா வீட்டுலதான் இருக்கேன் டாக்டர்."

"இதுக்கு முன்னாடி? ஆலை, குவாரி, எங்கயாவது?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து வீடுதான்."

மருத்துவர் மறுபடியும் படத்தைப் பார்த்தார். அக்காவுக்கு இருமல் வந்தது. பையிலிருந்து வெந்நீர்க் குடுவையை எடுத்து மேசைமேல் வைத்து மூடியைத் திருகினாள். மருத்துவரின் கண் குடுவை மேல் போய் நின்றது.

"அது என்ன துணி?"

"உறை டாக்டர். நானே தைச்சது. காலையில ஊத்துன தண்ணி சாயங்காலம் வரைக்கும் கொதிக்கும்."

"துணி எங்கேர்ந்து வந்துச்சு?"

"வீட்டுக்காரரு கொண்டு வருவாரு. கொதிகலன்ல சுத்துறது. துவைச்சதுதான் டாக்டர், அழுக்கு இல்ல."

மருத்துவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கையுறை மாட்டிக்கொண்டார். குடுவையை உறையோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினார். அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. விருந்துக்கு வந்த ஒருத்தி சட்டியைத் திறந்து பார்த்து மூக்கைப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு.

அப்புறம் மருத்துவர் கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்தது. சட்டை, உதறல், காகித உடுப்பு, அடுப்பு மெத்தை, பின்னறைக் கூரை. ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் கண்ணை மூடித் திறந்தார்.

"நுரையீரலைச் சுத்தி ஒரு சவ்வு இருக்கும்மா. உங்களுக்கு அது தடிச்சுப் போயிருக்கு. உள்ளயும் தழும்பு விழுந்திருக்கு. இந்த நார் தலைமுடியவிட ரொம்ப ரொம்பப் பொடிசு. மூச்சோட அடி வரைக்கும் போயிடும். சாதாரணத் தூசி போனா நம்ம உடம்புல அதைத் தின்னு தீர்க்குறதுக்குன்னே அணுக்கள் இருக்கு. உருண்டையா, குட்டியா இருந்தா அதுங்க முழுங்கிடும். இது நீளமா, குச்சி மாதிரி. அந்த அணுவால முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. வாயத் திறந்தபடியே மாட்டிக்குது. அந்த இடத்துல புண், அப்புறம் தழும்பு. வருஷக் கணக்கா நடக்குற வேலை."

"அப்ப அவருக்கு ஒண்ணும் இல்லையே டாக்டர்? ஆலையில வருஷா வருஷம் படம் எடுக்குறாங்க. நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க."

"அவருக்கு முகமூடி குடுத்திருப்பாங்க. உங்களுக்கு யாரு குடுத்தா?"

அக்கா கட்டி வைத்த பிளாஸ்டிக் பையைப் பார்த்தாள்.

"மருந்துல இந்தத் தழும்பு கரையாது. இதுக்கு மேல ஏறாமப் பாத்துக்கலாம். விடாம வந்து காட்டணும். அந்தக் கூரை இருக்குற அறையில யாரும் படுக்கக் கூடாது. முக்கியமா சின்னக் குழந்தைங்க. அவங்களுக்கு இன்னும் ஆயுசு முழுக்க மூச்சு விட வேண்டியிருக்கு." என்னைப் பார்த்தார். "நீங்களும் அதே வீடா? நீங்களும் ஒரு படம் எடுத்துடுங்க."

எடுக்கிறேன் என்றேன்.

வெளியே வந்து அந்தக் கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தாள் அக்கா. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "தம்பி, பொண்ணு குழந்தையோட வர்றா" என்றாள்.

அது எனக்கும் தெரியும். மகளுக்குக் குழந்தை பிறந்து சில மாதம்தான். மருமகனுக்குத் தூர தேசத்தில் வேலை கிடைத்திருந்தது. அவன் திரும்பி வரும்வரை மகளும் கைக்குழந்தையும் இங்கேதான். முன்னறையில் கட்டிலும் சாமான்களும் போக நிற்கத்தான் இடம். ஆகவே பின்னறை. பஞ்சு அண்ணன் தொட்டில் கொக்கிகூட மாட்டிவிட்டார், கூரைச் சட்டத்தில், பொதிக்கு நடுவில்.

அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை.

"பிரிச்சுப் போடுங்க" என்றாள் அக்கா.

"எதை?"

"தலைக்கு மேல இருக்குறத."

"பைத்தியமா உனக்கு? வெயில் காலத்துல பச்சப் புள்ளைய வெறும் தகரத்துக்கு அடியில போடச் சொல்றியா? வதங்கிப் போயிடும்."

"டாக்டர் சொன்னாங்க."

"டாக்டர் கூரையில ஏறி வேலை பாத்தாங்களா? நான் பாக்குறேன். நாள் முழுக்க அதுக்குள்ளதான் கிடக்குறேன். எனக்கு என்ன ஆச்சு? சொல்லு, என்ன ஆச்சு? படியேறி ஓடிக் காட்டவா?"

ஏறி ஓடியும் காட்டினார். என் வாசலில் நின்று, இடுப்பில் கை வைத்து, "பாத்தீங்களா தம்பி?" என்றார். என்ன சொல்வது? மூச்சு வாங்கவில்லைதான்.

"உங்களுக்கு வரலங்கறது அக்காவுக்கு வராதுன்னு ஆகாதுண்ணே."

"படிச்சவங்க எல்லாம் ஒரே பாட்டுத்தான்" என்று இறங்கிப் போனார்.

பிறகு நாளுக்கு ஒரு யோசனையோடு வந்தார். பொதிக்கு அடியில் பாலித்தீன் தாள் ஒட்டிவிடலாம். அதற்குத் தைத்த வலையைக் கழற்ற வேண்டும், கழற்றினால் கொட்டும் என்று அவரே சொல்லிக் கைவிட்டார். சுண்ணாம்பு அடித்துவிடலாம். பொதி சுண்ணாம்பைக் குடிக்கும், கனம் தாங்காமல் விழும். சன்னலை எந்நேரமும் திறந்து வைக்கலாம். திறந்தால் காற்றடித்து மேலே இருப்பது ஆடும். தொட்டிலுக்குக் கொசுவலை போடலாம்.

"கொசுவலையா?" என்றாள் அக்கா. "அணுவே முழுங்க முடியாம வாயப் பொளந்துகிட்டு நிக்குதாம். இவரு கொசுவலை போட்டுப் பிடிக்கப் போறாரு."

சிரிக்கப் போய் இருமல் வந்தது. அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு முதுகைத் தடவினார். தடவிக்கொண்டே, "கொசுவலையில கண்ணு ரொம்பச் சின்னது" என்றார்.

எனக்கே கோபம் வந்தது. கோபம் என்று ஒன்று வந்து ரொம்ப நாளாயிற்று.

அந்த வாரம் முழுக்க அவர் சட்டையை அக்கா துவைக்கவில்லை. மூலையில் குவிந்து கிடந்தது. மகளிடம் தொலைபேசியில், "இப்ப வர வேண்டாம்" என்று அவள் சொல்ல, "அதெல்லாம் வாம்மா, உங்க அம்மாவுக்குக் கிறுக்கு" என்று இவர் பிடுங்கிச் சொல்ல, மகள் இரண்டு பேரையும் திட்டிவிட்டு, பயணச்சீட்டு எடுத்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆலையில் அரைநாள் வேலை. நான் படியில் உட்கார்ந்து காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே முற்றத்துக்கு அக்கா வந்தாள். துவைத்து மடித்து வைத்திருந்த காகித உடுப்பை மாட்டியிருந்தாள். அவளுக்கு அது தொளதொளவென்று கால் தடுக்கியது. முகத்தில் நனைத்த கைக்குட்டை. ஒரு கையில் ஒட்டடைக் கம்பு, மறு கையில் முக்காலி.

"அக்கா, வேண்டாம்."

"நீங்க உங்க வேலையப் பாருங்க தம்பி. படம் எடுத்தீங்களா?"

"எடுக்கறேன்க்கா."

"ரெண்டு ஆம்பளைங்களும் ஒரே அச்சு" என்றாள்.

பின்னறைக்குள் போய் முக்காலியைப் போட்டு ஏறினாள். நான் இறங்கி ஓடினேன். கம்பை வலைக்கம்பிக்குள் விட்டு நெம்புவதற்கு அவள் கையைத் தூக்கின நேரம், வாசலில் மிதிவண்டி விழுகிற சத்தம். பஞ்சு அண்ணன். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"கை வெக்காத! காஞ்சதுல கை வெக்காத! இறங்குடீ! முதல்ல தண்ணி அடிக்கணும், ஊற ஊற அடிக்கணும்! காஞ்சத நெம்புனா ஊரே போயிடும்! கைக்குட்டையக் கட்டிகிட்டு ஏறியிருக்கா பாரு, அது எதைத் தடுக்கும்? கதவ மூடணும், இடுக்குக்கெல்லாம் ஒட்டணும், பக்கத்துல ஒரு மனுஷன் நிக்கக் கூடாது! தம்பி, நீங்க வெளிய போங்க! பிச்சத பையில போட்டு உடனே கட்டணும், கட்டுன பைய இன்னொரு பையில போடணும்! ஒண்ணும் தெரியாம இந்த வேலையில கை வெக்கலாமா?"

அக்கா முக்காலியிலேயே நின்றாள். கம்பு மேலேயே நின்றது.

"அப்ப எல்லாம் தெரிஞ்சுதான் இருக்கு" என்றாள்.

பஞ்சு அண்ணனின் வாய் திறந்தபடியே இருந்தது. மேலே பார்த்தார். தைத்த வலையை, சட்டத்தை, தொட்டில் கொக்கியை. வேறு யாரோ செய்து வைத்த வேலையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"அது ஆலையில" என்றார் கடைசியில். "இது வீடு."

அவர் ஏமாற்றவில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது. இத்தனை வருஷமும் அவருக்கு அந்தப் பஞ்சு ஆலை வாசலைத் தாண்டினதும் வேறு பொருளாகிவிட்டிருந்தது. அவ்வளவுதான்.

அக்கா இறங்கினாள். இறங்கி, அந்த உடுப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். "நாளைக்குப் புள்ள வருது" என்றாள்.

அவர் ஆலைக்குத் திரும்பிப் போய்ப் புது உடுப்பும், முகத்தை முழுக்கக் கவ்வுகிற முகமூடியும், தடித்த பைகளும், பூச்சி மருந்து அடிக்கிற மாதிரி ஒரு தெளிப்பானும் கொண்டு வந்தார். யாரிடம் என்ன சொல்லி வாங்கினார் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். இடுக்கெல்லாம் உள்ளிருந்து ஒட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் தண்ணீர் தெளிக்கிற சத்தம், வெகுநேரம். அப்புறம் கம்பி வெட்டுகிற சத்தம். அப்புறம் ஈரத்தோடு ஏதோ தொப்பென்று விழுகிற சத்தம்.

தெருமுனை டீக்கடை வாசலில் நானும் அக்காவும் நின்றோம். "உள்ள எவ்வளவு வெக்கையா இருக்கும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "இருக்கட்டும்" என்றாள்.

சாயங்காலம் பைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அடுப்பு மெத்தை, கதவிடுக்குக் கயிறு, மூலையில் கிடந்த சட்டைகள் எல்லாமே உள்ளே. என் மாடிப்படிக்கு அடியில் வரிசையாக வைத்தார். கடைசியில் அவரே வந்தார், வெள்ளை உடுப்பில், நனைந்து, தலையிலிருந்து கால்வரை பிசுபிசுத்துக்கொண்டு. வந்தவர் முற்றத்தில் அக்காவுக்கு எதிரே நின்று, பழக்கதோஷத்தில், இரண்டு கையையும் அகட்டினார். தினமும் அப்படித்தான் நிற்பாராம். அக்கா தோளிலும் முதுகிலும் தட்டி விடுவாளாம். அவள் கையும் தூக்கின மாதிரி இருந்தது. தூக்கின கை அப்படியே இறங்கி, பக்கத்திலிருந்த வாளியை எடுத்தது. முழு வாளித் தண்ணீரையும் அவர் தலையில் ஊற்றினாள். இன்னொரு வாளி. இன்னொன்று. மூச்சு இரைத்தது. நான் வாங்கிக்கொள்ளப் போனேன், தரவில்லை. அவரும் நகரவில்லை. வாளி காலியாகி அவள் படியில் உட்கார்ந்த பிறகுதான் முகமூடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது.

"குளிச்சுட்டு வர்றேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் வந்தார். கழுத்தில் அளவு நாடா. படிக்கு அடியில் இருந்த பைகளைப் பார்த்தார். ஒரு பையை விரலால் அமுக்கினார்.

"என்ன அண்ணே, பிரிச்சுட்டீங்களா? அட, தூக்கியா போடப் போறீங்க? நல்ல சரக்காச்சே. என் கடைக் கூரைக்குக் கணக்கா இருக்கும். நான் எடுத்துக்கறேன்."

நடந்ததை நான் சொன்னேன். மருத்துவர், படம், நார். தையல்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் அக்காவுக்குத் தம்பி. அவங்க உடம்பு வாகு அப்படி. நான் என்ன அதைத் திங்கவா போறேன்? கூரையிலதான போடப் போறேன்."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பஞ்சு அண்ணனைப் பார்த்தேன். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். சரக்கு வந்தால் உனக்குத்தான் என்று சொல்லியே பாதி வாழ்க்கையை ஓட்டியவர்.

"தரமான சரக்குதான்" என்று ஆரம்பித்தார்.

அக்கா எழுந்து போய் முன்னறையிலிருந்து நாற்காலியை இழுத்து வந்தாள். பைகளுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பேச மூச்சு இல்லை. பஞ்சு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தையல்காரரிடம், "உன் பேத்தி எங்கய்யா தூங்கும்?" என்றார்.

"கடையிலதான். மிஷினுக்கு அடியில போட்டுருவோம். ஏன்?"

"தர மாட்டேன்."

"என்னண்ணே?"

"தர மாட்டேன்னா தர மாட்டேன். போய்யா."

தையல்காரர் முகம் தொங்கிப்போய்ப் போனார். இன்றுவரை இந்த வீட்டோடு பேச்சு இல்லை. மத்தியானத் தூக்கமும் போயிற்று.

மகள் வந்துவிட்டாள். பின்னறையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரத்துணியால் சுவரெல்லாம் துடைத்து வைத்திருந்தார்கள். அடுப்புக்குள் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது. கூரைமேல் நனைந்த சாக்கைப் பரப்பி, பஞ்சு அண்ணன் வேலைக்குப் போகுமுன் ஒரு தரமும் வந்த பின் ஒரு தரமும் தண்ணீர் ஊற்றுகிறார். குழந்தை வேர்க்குருவோடு கத்துகிறது. மகள், "நல்லா இருந்த கூரைய ஏம்மா பிரிச்சீங்க?" என்று நாள் தவறாமல் கேட்கிறாள். அக்கா நாள் தவறாமல் சொல்கிறாள். அவர் இப்போது ஆலையிலேயே குளித்து, மாற்றுச் சட்டையில் வருகிறார். மாடியில் உதறல் சத்தம் இல்லை. எனக்கு எழுந்திருக்க நேரமாகிவிடுகிறது. எழுந்ததும் கீழிருந்து இருமல் கேட்கிறது. அது நிற்கவில்லை, நிற்காது.

பைகளை யாரும் எடுக்கவில்லை. குப்பை வண்டிக்காரர் அது ஆலைக் குப்பை என்கிறார். ஆலைக்காரர்கள் அது வீட்டுக் குப்பை என்கிறார்கள். நான் அலுவலகம் அலுவலகமாகக் கேட்டுவிட்டேன். அடுத்த சன்னலைக் காட்டுகிறார்கள். அதுவும் எனக்குப் பழக்கம்தான்.

ஆகவே அவை என் படிக்கு அடியிலேயே இருக்கின்றன. எதிரே நாற்காலியில் அக்கா, மடியில் பேத்தியோடு. தையல்காரர் கடைக்குப் போகிறபோதும் வருகிறபோதும் பைகளை ஒரு பார்வை பார்க்கிறார். அவள் அவரைப் பார்க்கிறாள்.

இன்று காலை நான் படம் எடுக்கக் கிளம்பினேன். சொல்லவில்லை. கையிலிருந்த பழைய ஆஸ்பத்திரிப் பையைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"போறதுக்கு முன்னாடி தம்பி," என்றாள், "அந்த முடிச்ச ஒரு இழு இழுத்துப் பாருங்க."

குனிந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன்.

"இறுக்கமாத்தான்க்கா இருக்கு."

"இன்னொரு தரம் பாருங்க" என்றாள்.